ஆர்க்காட்டுக் கடன்காரர்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் பயணம் செய்பவர்கள் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்க்காமல் கடக்க முடியாது. கர்நாடகப் போர்களின் காலத்தில் இந்தக் கோட்டை பலமுறை கைமாறியது. 1760 ஜூனில், ஆங்கிலேயரிடம் நெருக்குண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, படையுதவிக்கு ஈடாக இதையும் பக்கத்திலுள்ள எலவானாசூர்க் கோட்டையையும் மைசூரின் ஹைதர் அலிக்கு எழுதிக்கொடுத்தார். 1761 தொடக்கத்தில் கம்பெனிப் படை முற்றுகையிட்டு இதைப் பிடித்தது. இச்செய்திகளை மாவட்ட வரலாறுகளில் காணலாம். அவற்றில் அவ்வளவாகப் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. இந்த முற்றுகைகளுக்கெல்லாம் பணம் யார் கொடுத்தது?

கணக்கு எழுதப்பட்டது ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரில். போர் நடந்தது அவருடைய பட்டத்துக்காக என்பது கம்பெனியின் வாதம். வந்தவாசி முதல் புதுச்சேரி முற்றுகை வரை செலவைத் தம் தலையில் ஏற்றிக்கொண்ட நவாப், கம்பெனிக்குக் கட்டவேண்டிய தவணைகளுக்காகக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கத் தொடங்கினார். பகலில் கம்பெனிக் கணக்கராக நவாபை நெருக்கிய அதே மனிதர், மாலையில் தம் சொந்தப் பெட்டியிலிருந்து அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. தமிழில் 'கடன்காரன்' என்ற சொல் கொடுத்தவனையும் குறிக்கும், வாங்கியவனையும் குறிக்கும். சென்னைப் பட்டணத்தின் அந்த ஐம்பதாண்டுக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்தக் கதை சிக்கலாகிவிட்டது.

அந்தக் கதையின் நாயகன் பால் பென்ஃபீல்ட். 1764இல் கம்பெனியின் கட்டுமானப் பிரிவு ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். கோட்டைச் சுவர்களைக் கட்டும் ஒப்பந்தங்களை எடுத்தார். 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நவாப் ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தது அரசியல் பாதுகாப்புக்காக என்பார்கள். கடன் கொடுப்பவர்களின் வாசலுக்கு அருகில் இருப்பதும் அதில் அடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடன் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நவாபிடம் ரொக்கம் இல்லை. எனவே, கடனுக்கு ஈடாக ஏதோவொரு சீமையின் வருவாயை ஒதுக்கிச் சீட்டு எழுதிக் கொடுப்பார். ஆங்கிலேயக் கணக்கேடுகளில் 'டங்கா' என்று வருவது இந்தச் சீட்டுதான். சீட்டு கையில் உள்ளவருக்கு அந்தச் சீமையில் விளைந்து நிற்கும் பயிரின்மீது உரிமை. அறுவடைக்கு முன்பே வாரம் கேட்கப்படும். பணமில்லாத குத்தகைதாரர் வேறொருவரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். அந்த வட்டியும் முடிவில் உழவனின் களத்துமேட்டில்தான் இறங்கும். சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி ஏறினால் வெள்ளைக்கார வட்டிக்காரர்கள் முன்வந்து அதைக் கொடுத்து, இன்னொரு சீமைக்குச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள். தொடக்க காலத்தில் ஆண்டு வட்டி 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. சென்னையில் ஒரு மேசையில் கையெழுத்தாகும் காகிதம், அதைக் கேள்விப்பட்டேயிராத ஒரு கிராமத்தின் நெல்லை அளந்துகொண்டு போயிற்று.

1773இல் இந்தக் காகிதம் தஞ்சாவூர் வரை நீண்டது. நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து, மராட்டிய மன்னர் துளஜாஜியைச் சிறைவைத்தது. தஞ்சை வருவாய் நவாபின் கைக்கு வந்ததும் பென்ஃபீல்டுக்குச் சீட்டுகள் எழுதப்பட்டன. ஆனால் லண்டனிலிருந்த இயக்குநர்கள் தஞ்சையை மன்னரிடமே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டு, அதை நிறைவேற்ற ஜார்ஜ் பிகட்டை இரண்டாம் முறையாக ஆளுநராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் பிகட் நேரில் சென்று துளஜாஜியை மீண்டும் அமர்த்தினார். உடனே பென்ஃபீல்ட் தம் கணக்கைச் சபையின்முன் வைத்தார். தஞ்சை வருவாயின்மீது நவாப் கொடுத்த ஒதுக்கீடு 1,62,000 பவுண்டு, தஞ்சைக் குடிகளுக்குத் தாமே கொடுத்ததாகச் சொன்ன கடன் 72,000 பவுண்டு. ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய ஓர் இளநிலை ஊழியர் கேட்ட தொகை இது. சபை முதலில் ஆதாரம் போதாது என்று ஒதுக்கியது. பின்னர் பெரும்பான்மை மாறியது. கோரிக்கை ஏற்கப்பட்டது. அந்தப் பெரும்பான்மையில் நவாபின் கடன்பத்திரங்களோடு தொடர்புடையவர்கள் இருந்தார்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று.

பிகட் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்த உறுப்பினர்களை நீக்கப் பார்த்தார். 1776 ஆகஸ்டு 24ஆம் நாள் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஆளுநரையே கைதுசெய்து பரங்கிமலைக்குக் கொண்டுபோனார். 1777 மே மாதம், காவலில் இருக்கும்போதே பிகட் இறந்தார். கம்பெனியின் ஆளுநரைக் கம்பெனியின் சபையே சிறைப்பிடித்த நிகழ்ச்சி அது. அதன் வேரில் இருந்தது தஞ்சை நெல்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு செய்தி சுவையாக இருக்கும். பிகட் 1755 முதல் 1763 வரை முதன்முறை ஆளுநராக இருந்தபோது அவருக்குத் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையைப் போற்றிய புரவலர் அவரே. இராவணனின் கலக்கத்துக்குக் கடன்பட்டவரின் நெஞ்சை உவமையாக்கும் அந்தப் புகழ்பெற்ற இடத்தைப் பட்டிமன்ற மேடைகளில் கம்பன் தலையில் கட்டுவது வழக்கம். அது கவிராயருடையது. அவர் வாழ்ந்த காலத்தையும் (1711 - 1779), சீர்காழி தஞ்சைச் சீமையைச் சேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொண்டால் அந்த உவமை வெறும் அலங்காரமாகத் தோன்றாது. கடன் அப்போது அங்கே காற்றைப்போல நிறைந்திருந்தது.

பென்ஃபீல்டைக் கம்பெனி திருப்பி அழைத்தது. வந்தவர் வருந்தி நிற்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினரானார்.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய இங்கிலாந்துத் தேர்தலைப்பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். பல தொகுதிகளில் வாக்காளர்கள் சில நூறு பேர்தான். வாக்குக்கு விலை உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி என்ற சிற்றூரில் 1774 தேர்தலின்போது, வேடமிட்ட ஒருவர் கதவிலிருந்த ஒரு துளை வழியாக வாக்காளர்களுக்கு 20 கினி கொண்ட பொட்டலத்தை நீட்டிய கதை அங்கே பிரசித்தம். கொடுப்பவர் முகம் தெரியாததால் லஞ்சத்துக்குச் சாட்சி கிடையாது என்பது ஏற்பாடு. அந்தத் தேர்தலில் நின்றவர் பின்னாளில் (1778 - 1780) சென்னை ஆளுநரான தாமஸ் ரம்போல்ட். நம்மூர்த் தேர்தல்களைப்பற்றி அலுத்துக்கொள்பவர்கள் இதை அறிந்தால் சற்று ஆறுதல் அடையலாம்.

பென்ஃபீல்ட் 1780இல் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஊர் கிரிக்லேட். இரட்டை உறுப்பினர் தொகுதியான அதில் வென்ற மற்றவர் ஜான் மக்ஃபர்சன். நவாபின் சார்பாக லண்டனில் பரிந்துபேசிவந்த மனிதர். ஆக, ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவரும் அவருக்கு முகவராக இருந்தவருமாகச் சேர்ந்து ஓர் ஆங்கிலேயச் சிற்றூரைப் பிரதிநிதித்துவம் செய்தார்கள். அந்தத் தேர்தலில் ஓடிய பணம் பெரும் வழக்காகி, 1782இல் கிரிக்லேட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, சுற்றுவட்டார நிலவுடைமையாளர்களுக்கும் வாக்குரிமையை விரிவாக்கும்படி ஆயிற்று. பிகட்டைச் சிறைவைத்த சபையின் தலைவர் ஜார்ஜ் ஸ்டிராட்டனும் அப்போது வேறொரு தொகுதியின் உறுப்பினர். ஆளுநரைக் கைதுசெய்த குற்றத்துக்காக அவருக்கும் மற்ற மூவருக்கும் 1780இல் நீதிமன்றம் விதித்த தண்டனை தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். தங்கள் செல்வத்துக்கு முன் அவர்கள் அதைச் சில்லறையாகவே எண்ணியிருப்பார்கள்.

உறுப்பினர் பதவியோடு பென்ஃபீல்டுக்குக் கம்பெனி வேலையும் 1781இல் திரும்பக் கிடைத்தது. மறுபடியும் சென்னைக்குக் கப்பலேறினார். கிரிக்லேட்டின் பிரதிநிதி இங்கே வசூலில் இருந்தார்.

அதற்குள் நாடு எரிந்துகொண்டிருந்தது. கல்வராயன் மலைக்கு வடபுறம் செங்கம் கணவாய், தென்புறம் ஆத்தூர்க் கணவாய். மைசூரிலிருந்தும் பாரமகாலிலிருந்தும் ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாசல்கள் இவை. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை மலைத்தொடரைக் கடந்து இறங்கியது. ஊர்கள் கொளுத்தப்பட்டன. ஏரிக்கரைகள் உடைக்கப்பட்டன. மக்கள் கூட்டங்கூட்டமாக ஊர்விட்டு ஓடினார்கள். கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் இதை ஹைதரின் கொடுமையாக மட்டுமே எழுதினார்கள். நம்மவர் சிலர் அவர் வீரத்தை மட்டுமே எழுதினார்கள். இரண்டிலும் காணாமல் போவது, ஏற்கெனவே அறுவடைக்கு முன்பே அடமானம் வைக்கப்பட்டிருந்த ஒரு சமவெளி. காப்பதற்குச் சம்பளம் பெறாத படையும், செப்பனிட நிதியற்ற கோட்டைகளும் கடனின் பிள்ளைகளே.

போரின் நடுவில், 1781 டிசம்பரில், புதிய ஆளுநர் மெக்கார்ட்னி நவாபிடமிருந்து கர்நாடகத்தின் வருவாய் முழுவதையும் நேரடியாகக் கம்பெனிக்கு எழுதி வாங்கினார். தனியார் சீட்டுகளுக்கு அது தடை. எனவே பென்ஃபீல்டும் நவாபும் சேர்ந்து அவருக்கு எதிராக வேலைசெய்தார்கள். அந்தச் சண்டையின் முடிவு சென்னையில் எழுதப்படவில்லை. லண்டனில் எழுதப்பட்டது.

1784இல் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், நவாபின் கடன்கள் எப்படி உண்டாயின, எவை நியாயமானவை என்று விசாரிக்கும்படி இயக்குநர்களைப் பணித்தது. இயக்குநர்களும் விசாரணைக்கான கடிதத்தைத் தயாரித்தார்கள். அந்தச் சட்டத்தாலேயே உருவான கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்த ஹென்றி டண்டாஸ் அக்கடிதத்தை மாற்றி எழுதினார். விசாரணை வேண்டாம். 1767ஆம் ஆண்டின் கடன், குதிரைப்படைக் கடன், 1777ஆம் ஆண்டின் கடன் ஆகிய மூன்றும் உண்மையானவை என்றே கொள்ளப்படும். ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, கர்நாடக வருவாயிலிருந்து அவற்றை அடைக்க ஒதுக்கப்படும். ஏன் இந்த அவசரம்? அதே ஆண்டுத் தேர்தலில் பிட்டின் வெற்றிக்காக உழைத்த ரிச்சர்ட் அட்கின்சன் என்பவர் லண்டனில் பென்ஃபீல்டின் முகவர்.

1785 பிப்ரவரி 28ஆம் நாள் இதுகுறித்த ஆவணங்களைச் சபையின்முன் வைக்கவேண்டும் என்று ஃபாக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். அதை ஆதரித்து எட்மண்ட் பர்க் ஆற்றிய உரை அவருடைய உரைகளில் தலைசிறந்த ஒன்றாகக் கருதப்படுகிறது. பென்ஃபீல்ட் பாராளுமன்றச் சீர்திருத்தக்காரர்களில் மிகப் பெரியவர், எட்டு உறுப்பினர்களை உண்டாக்கியவர் என்று அதில் அவர் எள்ளி நகையாடினார். ஹைதரின் படையெடுப்பை அவர் வருணித்த பகுதி ஆங்கில உரைநடைத் தொகுப்புகளில் இடம்பெற்றுவிட்டது. எனக்கோ அந்த உரையில் வேறொரு பகுதியே முக்கியமாகப் படுகிறது. ஏரிகளைப்பற்றி அவர் சொன்னது.

ஆம், வெஸ்ட்மின்ஸ்டரில் ஒருநாள் தமிழ்நாட்டு ஏரிகளைப்பற்றிப் பேசினார்கள். கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பெரியதும் நடுத்தரமுமான ஏரிகள் 10,000க்குக் குறையாது என்று பர்க் கணக்குச் சொன்னார். சில ஏக்கர் அளவினவும் உண்டு, சுற்றளவில் ஐந்து மைல் உள்ளவையும் உண்டு. மண்ணைக் குவித்துக் கல்லால் அணைத்த கரைகள். ஆண்டுதோறும் செலவிட்டுப் பேணாவிட்டால் நில்லாதவை. பிறக்கப்போகும் தலைமுறைகளையும் எண்ணிப் பார்த்த அரசர்கள் கட்டியவை. கடன் அடைக்க வருவாய் முழுவதையும் வழித்துக் கொடுத்துவிட்டால் கரைக்கு மண் போடுவது யார் என்பது அவர் கேள்வி. நிதிக் கணக்கு ஒன்றை விவாதிக்கும்போது ஏரிக்கரையை நினைத்துக்கொண்ட ஆட்சியாளர்கள் பின்னாளிலும் இங்கே அதிகம் பேர் இல்லை. கல்வராயனில் பிறக்கும் கோமுகியையும் மணிமுக்தாவையும் நம்பிப் பயிர்செய்யும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து உழவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்கவேண்டியதில்லை.

பர்க்கை இதற்காகத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரராகவும் நண்பராகவும் இருந்த வில்லியம் பர்க் 1777இல் சென்னைக்கு வந்து, பிறகு தஞ்சை மன்னரின் முகவராகப் பணியாற்றியவர். நவாபின் கடன்காரர்கள் தோற்றால் தஞ்சைக்கு இலாபம். பர்க்கின் சீற்றம் பொய்யானது என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சீற்றத்துக்கு வேண்டிய தகவல்கள் எந்த வழியாக வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. உழவனின் சார்பாக மட்டும் பேசிய குரல் அந்த மண்டபத்தில் இல்லை.

வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக 69 பேர், எதிராக 164 பேர். ஆவணங்களைப் பார்க்கவேண்டாம் என்று சபை முடிவுசெய்தது. பென்ஃபீல்டைத் தனியொரு கயவனாகச் சித்திரிக்கும் நூல்கள் நிறையவே உண்டு. இந்த எண்களைப் பார்த்தபின் எனக்கு அந்தச் சித்திரம் போதவில்லை. அவர் பணம் கொடுத்தார், வட்டி கேட்டார், ஏமாற்றவும் செய்தார். அந்த வட்டியைச் சட்டமாக்கியவர்கள் 164 பேர்.

விசாரித்திருந்தால் என்ன தெரியவந்திருக்கும்? அதற்குப் பின்னாளில் விடை கிடைத்தது. 1801 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. நவாபுகளின் மிச்சமிருந்த தனியார் கடன்களை ஆராய 1805 உடன்படிக்கையின்படி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அது பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பார்த்த கோரிக்கைகளின் மொத்தம் சுமார் 3 கோடி பவுண்டு. நியாயமானவை என்று ஏற்றவை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1784இல் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற மூன்று கடன்களில் எத்தனை பங்கு மெய்யானது என்பதை இதிலிருந்து வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

கம்பெனி நேரடியாகக் கணக்கு எழுதத் தொடங்கிய சமவெளிக்கு மேலே, கல்வராயன் மலையில், வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பட்டப்பெயர்களால் அறியப்பட்ட மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் மலையாளிகள் என்ற மலைக்குடிகள் வாழ்ந்தார்கள். அந்த உரிமை கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது மரபுவழிச் செய்தி. 'ஜாகிர்' என்ற இதே சொல்லால்தான் நவாப் 1763இல் தமக்குக் கொடுத்த செங்கல்பட்டுப் பகுதியையும் கம்பெனி அழைத்தது. கீழே ஜாகிரை வாங்கியவர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். மேலே இருந்த ஜாகிர்களை அவர்கள் கலைக்கவில்லை. வெள்ளையர் போனபிறகும் அவை நீடித்து, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல்தான் அரசின்கீழ் வந்தன. வட்டிக்காரர்களின் சீட்டு மலையேறவில்லை என்று மகிழ முடியாதபடி, மலைக்குடிகளின் உழைப்பு அங்கே வேறு வழியில் எடுக்கப்பட்டது. அது தனியாக எழுதப்படவேண்டிய வரலாறு.

பென்ஃபீல்ட் 1790இல் மாம்ஸ்பரி தொகுதியின் உறுப்பினராக மீண்டும் சபைக்குள் வந்தார். 1793 முதல் 1802 வரை அவருடைய தொகுதி ஷாஃப்ட்ஸ்பரி. கதவுத்துளை வழியாகக் கினி நீட்டிய அதே ஊர். அங்கே சொத்துகளை வாங்கி இரண்டு இடங்களையும் தம் கைக்குள் கொண்டுவந்தார். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ரம்போல்ட் கட்டிய உட்ஹால் பார்க் மாளிகையையும் அவரே வாங்கினார். சென்னையில் திரட்டிய ஒரு செல்வத்தின் வீடு சென்னையில் திரட்டிய இன்னொரு செல்வத்தின் கைக்குப் போயிற்று. வால்டர் பாய்ட் என்ற வங்கியாளரோடு கூட்டுச் சேர்ந்து 1793இல் தொடங்கிய நிறுவனம், பிரான்சோடு போரிட்ட பிட்டின் அரசுக்கே பெருங்கடன்களை ஏற்பாடு செய்தது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர் இப்போது ஆங்கிலேய அரசாங்கத்தின் கடன்காரர். ஆனால் பிட் நவாப் அல்லர். அவருக்குக் கொடுத்த கடனுக்கு விளைந்த பயிரை எழுதி வாங்க முடியாது. பத்திரங்களின் விலை சரிந்தது, கைகொடுக்க ஆளில்லாமல் 1800இல் நிறுவனம் முறிந்தது. மாளிகை அடுத்த ஆண்டே விற்கப்பட்டது. பென்ஃபீல்ட் 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

சென்னையில் ஆணையம் அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் கடன்பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்தபின், சேப்பாக்கம் அரண்மனை கடன்களுக்காக ஏலத்துக்கு வந்தது. வாங்கியது சென்னை அரசாங்கம்.